திங்கட்கிழமை வரை விற்பனைக்கில்லை

"கண்ணாடிக்குள்ள கிராபிக்ஸ் காட் ஆறு பெட்டி கிடக்கு. இல்லை எண்டு சொல்றீங்களே காக்கா, எனக்கென்ன கண் பொட்டையா?"

துசாந்தின் குரல் கடையைத் தாண்டிக் கல்முனைத் தெருவுக்கே கேட்டது. முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்லை எண்டு ஆரு சொன்ன? விக்கல்ல எண்டுதான் சொன்ன நான்." கம்பியூட்டர் கடைக்காரர் பஹ்மி குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கிழமை வாங்க தம்பி."

"சனிக்கிழமை சுனாமி நினைவு நாள். திங்கக்கிழமை வந்து என்ன செய்யிற?"

துசாந்துக்குத் தம்பிலுவிலில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கடல் ஊருக்குள் வந்து போய் ஐந்து வருசம் ஆகிறது. செத்தவர்களின் முகங்களை ஒரே பெனரில் அடித்துக் கடற்கரையில் கட்டுவதற்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்து அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். படங்கள் எல்லாம் அவனுடைய கம்பியூட்டருக்குள். முந்தின நாள் அதன் கிராபிக்ஸ் காட் புகைந்து போனது. மெசின் ஓடுகிறது, திரையில் ஒன்றும் தெரியவில்லை.

காசு கொடுக்கும்போது வல்லியம்மை ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "ரோட்டுல நிண்டு பாத்தாலும் என்ட புள்ளைகள்ற முகம் தெரியணும் தம்பி. கடலுக்குக் கிட்ட எனக்குப் போக ஏலா."

பஹ்மி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "ஹாட் டிஸ்க்கைக் கழட்டிக்கொண்டு வாங்க. என்ட மெசின்ல இருந்து வேலையை முடிங்க. காசு வாணாம்."

பெட்டியைத் தர மாட்டாராம். ஊர்ச்சனத்தின் படங்களை மட்டும் இவருடைய மெசினில் ஏற்ற வேண்டுமாம். துசாந்துக்குத் தலைக்குள் சூடு ஏறியது.

"நான் தமிழன் எண்டுதானே?"

கல்லாவில் இருந்த பஹ்மியின் தங்கை சுல்பிகா வாயெடுத்தாள்.

"சுல்பிகா, சும்மா இரி," என்றார் பஹ்மி. "தம்பி, திங்கக்கிழமை வரைக்கும் ஒரு மனிசனுக்கும் விக்க மாட்டன்."

"ஓம், விலை ஏறுமட்டும் பதுக்குங்க. பிறகு ஜும்ஆத் தொழுகைக்கும் போங்க!"

அந்தச் சூட்டோடு துசாந்த் போய் நின்றது தமிழரான பாக்கியராசாவின் கம்பியூட்டர் கடையில். அங்கே போன உடனே தேத்தண்ணி வந்தது.

"அவனுகளிட்ட ஏன்டா போன நீ? நம்மட புள்ளைகளுக்கு நாமதான் இருக்கிற." உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். "கடைசிச் சரக்கு. உனக்கெண்டுதான் வச்சிருந்த மாதிரிக் கிடந்திருக்கு."

விலையைக் கேட்டதும் துசாந்த் மனதுக்குள் கணக்குப் போட்டான். தன் கூலி முழுவதும் போய், பெனர்க் காசிலும் பாதி போகும்.

"பெனர் சின்னதாத்தான் வரும் அண்ணன்."

"வரட்டும்டா. செத்ததுகள் வந்து அளந்தா பாக்கப்போகுது?"

சனிக்கிழமை காலையில் கடற்கரையில் பெனர் கட்டினார்கள். ஒவ்வொரு முகமும் தீப்பெட்டி அளவு. சனம் கிட்டப் போய் நின்று, விரலை வைத்து வைத்துத் தேடியது.

வல்லியம்மை ரோட்டிலேயே நின்றாள்.

"எங்க தம்பி என்ட புள்ளைகள்?"

துசாந்த் கையை நீட்டிக் காட்டினான். அவள் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனை அறுத்தது.

திங்கட்கிழமை பஹ்மியின் கடை வாசலில் பெரிய விளம்பரம் தொங்கியது: புது கிராபிக்ஸ் காட் வந்துவிட்டது. கண்ணாடிக்குள் அதே ஆறு பெட்டிகள். பாதி விலை என்று எழுதி ஒட்டியிருந்தது.

துசாந்த் உள்ளே பாய்ந்தான். "அண்டைக்கே இந்த விலைக்குத் தந்திருந்தா அந்த மனிசி புள்ளைகள்ற முகத்தைப் பாத்திருக்கும் காக்கா!"

பஹ்மி தலையைக் குனிந்தார். சுல்பிகாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"அண்டைக்கு அந்த விலைக்குக் குடுத்தா விசயம் வெளியில போயிருமே. புதுக் காட் எப்பவோ வந்திட்டு. கிறிஸ்மஸ் யாவாரத்தில பழசெல்லாம் முழு விலைக்கு வித்து முடியட்டும் எண்டு கொழும்புக் கொம்பனியில பூட்டி வச்சிருந்தானுகள். கடைக்காரருக்கு மட்டும் சொல்லி, வாய் திறக்கக் கூடாது எண்டு வாக்கும் வாங்கிட்டானுகள்."

"அப்ப எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே காக்கா?"

"நம்பிச் சொன்ன கதை அமானிதம் தம்பி. வெளியில விடேலா," என்றார் பஹ்மி மெல்ல. "நாலு நாளையில பாதி விலையாகும் எண்டு தெரிஞ்சிக்கிட்டு உங்கட தலையில கட்டவும் ஏலா. அதான் விக்கல்ல."

துசாந்த் பெட்டிகளில் ஒட்டியிருந்த விலையைத் திரும்பவும் பார்த்தான்.

"கொழும்பில ஆருக்குக் குடுத்த வாக்கு அது?"

"விடுங்க தம்பி. ஒருத்தரப் பத்திப் புறம் கதைச்சா பாவம்."

சுல்பிகா விடவில்லை. "கொழும்பில இல்ல. அந்தக் கொம்பனிக்கு இந்தப் பக்கத்து ஏஜென்ட் உங்கட பாக்கியராசா அண்ணன்தானே? அவர்தான் கடை கடையா ஏறி அந்த வாக்கை வாங்கிட்டுப் போனவர்."