நாலு பக்கமும் ஒரு படம்

ஒழுகுகிற குழாயில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கம்பியால் முறுக்கிவிட்டு நிமிர்ந்தார் ஆதிநாராயணன். ப்ளம்பரை அவர் வாசப்படி ஏறவிட மாட்டார். ஒன்றைச் சரிபண்ணி ஒன்பதைக் கெடுப்பானாம்.

கண்ணம்மாள் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தாள்.

"எதுக்குடி இத்தனை?"

"உங்க கைவேலை அப்படியே இருக்கணுங்க."

"பொண்ணுக்கும் அனுப்பு" என்று மீசையைத் தடவிக்கொண்டே செராமிக் கம்பெனிக்குக் கிளம்பினார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும், ப்ளம்பர் பிரபாகரன் பின்பக்கமாக வந்து டியூபை அவிழ்த்தான். ஒழுகின துண்டை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு மாட்டினான்.

"ஒழுக்கு நின்னுடுச்சுக்கா. வரட்டுமா?"

"இருப்பா. டியூபை மறுபடியும் சுத்து. படத்தப் பாரு, கம்பி முறுக்கு இடது பக்கம் இருக்குது. மாறினா கண்டுபிடிச்சிடுவாரு."

சாயங்காலம் காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு ஆதிநாராயணன் சொன்னார்: "நாளைக்கு மோட்டாரைப் பிரிக்கிறேன்."

கண்ணம்மாள் செல்போனைச் சார்ஜில் போட்டாள்.