மேல்துறையில் நடந்தவர்கள்

"ஏனுங்க சார், என்னைய எழுதிட்டீங்களாங்க?"

தலையில் இருந்த புல்லுக்கட்டை இறக்காமலேயே கேட்டார் குப்பண்ணன். வாய்க்காலின் குறுக்கே கிடந்த தென்னந்தடியின் மேல் நடந்து அப்போதுதான் இக்கரைக்கு வந்திருந்தார்.

"எழுதியாச்சுங்க. நூத்தி எழுபத்தி மூணு," என்று கோடு இழுத்தார் அர்த்தநாரி.

"இன்னொருக்கா அக்கரைக்குப் போயிட்டு வரட்டுங்களா?"

"வேண்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு கோடுதான்."

அர்த்தநாரி, நகரசபை அனுப்பிய சர்வேயர். சித்தூரின் கிழக்கு ஓரத்தில் ஓடும் அந்த வாய்க்காலைக் கடக்க மேல்துறை, கீழ்துறை என்று இரண்டு இடங்கள். இரண்டிலும் வெறும் தென்னந்தடிதான். ஆனால் 1974-ஆம் வருஷக் கணக்கில் வரப்போவது ஒரே ஒரு சிமெண்டு நடைபாலம். எந்தத் துறையில் அதிகம் பேர் நடக்கிறார்களோ, அங்கே பாலம். எண்ணுவதற்கு இந்த ஒரு நாள்தான்.

எண்ணவே வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் அர்த்தநாரி காலையில் வந்தார். எத்தனை வீடு, எவ்வளவு தூரம், யார் எந்த வழியில் போவார்கள் என்று ஆபீஸில் உட்கார்ந்து அவரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். எவனும் பக்கத்து வழியை விட்டுச் சுற்றி நடக்க மாட்டான் என்பதுதான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. மேல்துறையில் பன்னிரண்டு வீடு, கீழ்துறையில் தொண்ணூறு. மேல்துறையில் நாற்பது பேர் நடந்தாலே அதிகம்.

அவர் நின்ற மேல்துறையிலோ விடிந்ததிலிருந்து ஆள் ஓயவில்லை. கணக்கு பொய்த்துப்போன எரிச்சல் குப்பண்ணன் மேல் பாய்ந்தது.

"நிசத்தைச் சொல்லுங்க. பாலம் வேணும்னு சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் கூட்டியாந்து நடக்க உடறீங்களா?"

"வெளியூர் ஒறம்பரை ஒருத்தரும் இல்லீங்க. எல்லாம் சித்தூர்க்காரங்கதானுங்க."

அர்த்தநாரி விடவில்லை. வந்தவர்களை நிறுத்தி விசாரித்தார். பால்கேனோடு வந்தவருக்கு டவுனில் பால் ஊற்ற வேண்டியிருந்தது. கூடையோடு வந்த கருப்பாத்தாளுக்குச் சந்தையில் வேலை இருந்தது.

"ஏம்மா, எதுக்கு இந்த வழியா வர்றீங்க?"

"இது நல்ல வழிங்க," என்றாள் கருப்பாத்தாள். ஐப்பசி மழையில் அந்த வழி கணுக்கால் சேறாகக் கிடந்தது.

ஐந்து மணிக்கு டவுன் பக்கமிருந்து ஒரு வயதான அம்மாள், துணிப்பையோடு இடது காலை இழுத்து இழுத்து வந்தார். கரையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். அவர் தடியில் கால் வைத்ததும் குப்பண்ணன் வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் கையை உயர்த்தியபடி கூடவே நடந்தார்.

"என்னடா குப்பா, இன்னிக்கு இத்தனை கூட்டம்?"

"சும்மாங்கம்மா. நீங்க தடியைப் பாத்து வாங்க."

அந்த அம்மாள் அக்கரை ஏறும்வரை அர்த்தநாரிக்கும் மூச்சு வரவில்லை. நனைந்த வேட்டியோடு குப்பண்ணன் திரும்பி வந்தார்.

"ஆருங்க அது?"

"பழனாத்தாளுங்க. மேல்துறையில கடைசி ஊடு. போன வருசம் ஆடியில இந்தத் தடியில இருந்து வழுக்கி உழுந்து இடுப்பு ஒடிஞ்சுபோச்சுங்க. இன்னொருக்கா உழுந்தா எந்திரிக்க மாட்டாங்க. தெனமும் இதுலதான் போயிட்டு வரோணும்."

"உங்கம்மாங்களா?"

"அம்மா மாதிரிங்க."

அர்த்தநாரியின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. தாய்க்காக ஊரையே திரட்டி நடக்க விட்டிருக்கிறார். நடந்தவர்கள் நிஜ வேலையாகத்தான் நடந்தார்கள். இதில் என்ன குற்றம்?

ஆறு மணிக்கு, கீழ்துறையில் எண்ணிக்கொண்டிருந்த மிக்கேல் தன் தாளோடு வந்து சேர்ந்தார். அங்கே மொத்தம் பதினொரு பேர். இங்கே இருநூற்றுப் பதினாலு. அர்த்தநாரி கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"பாலம் மேல்துறைக்குத்தானுங்க."

குப்பண்ணன் கைகூப்பினார். கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப சந்தோசமுங்க சார். நீங்களும் உங்க புள்ளைகுட்டிகளும் நல்லா இருக்கோணும்." கரையில் நின்ற அத்தனை பேரும் கும்பிட்டார்கள்.

"நான் எண்ணினேன், அவ்வளவுதானுங்க. சாட்சிக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க. பேர், ஊட்டு நம்பர்."

குப்பண்ணன் தயங்கித் தயங்கி எழுதிக் கொடுத்தார். அர்த்தநாரி வாங்கிப் படித்தார்: 'குப்பண்ணன், வீட்டு எண் 31, கீழ்துறை.'

"கீழ்துறையா? அப்ப இவங்கெல்லாம்?"

"எல்லாருமே கீழ்துறைதானுங்க. எங்க சனத்துல பாதிக்கு மேல சர்க்கார் ஆஸ்பத்திரியில பொறந்ததுங்க. அத்தனையும் மொதல்ல கையில வாங்குனது அங்க ஆயாவா இருக்கற அந்தப் பழனாத்தாம்மாதானுங்க. தாளைக் கிழிச்சுடாதீங்க சார், எங்க காலு நல்லாத்தான் இருக்குது, நாங்க சுத்தி நடந்துக்கறோமுங்க."