ஏழாவது கணக்கு

ஏழாவது கணக்கை அந்தப் பெண் அறுபத்து மூன்றாவது முறையாகத் தப்பாகப் போட்டிருந்தாள்.

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்க வந்தவளுக்கு அது வரவில்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

கணக்கு மேடம் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். புதிதாகச் சேர்ந்தவர்களைச் சோதித்துக் கைதூக்கிவிடும் மென்பொருள், அவள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது பச்சையாகாவிட்டால் அவளை வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

மேடத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. வகுப்பில் இவளுக்கு முன் யாரும் கணக்கை முடித்ததில்லை. மென்பொருளிலும் முதல் ஆறை ஒரே மூச்சில் போட்டவள், ஏழாவது வந்ததும் மக்காகிவிட்டாள்.

குற்றம் மென்பொருளில் பதிந்துவைத்த விளக்கத்தின் மேல்தான் என்று மேடம் முடிவுகட்டினார்.

தப்பாகப் போட்டால்தான் விளக்கம் ஒலிக்கும். சரியாகப் போட்டால் மென்பொருள் அடுத்த கணக்குக்குத் தள்ளிவிடும். மற்ற விளக்கங்களை எப்போதோ மாற்றியாகிவிட்டது. ஏழாவதில் மட்டும், மேடத்துக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவரின் குரல். அதைப் பதிந்த வருடமே அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். பதின்மூன்று வருடம் ஆகிறது.

வீட்டில் வைத்துப் பதிந்திருப்பார் போல. ஒரே மின்விசிறி இரைச்சல். நடுவில் ஒரு குழந்தை புகுந்து, அப்பா முடிஞ்சுதா என்று கேட்கும். இதோ முடிஞ்சிடும்டா என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி பின்னத்துக்குப் போவார்.

இதைக் கேட்டு யாருக்குக் கணக்கு மண்டையில் ஏறும்?

அதனால் மேடம் நேற்றுத் தொண்டை வறள நாலு தடவை பேசிப் புதிதாகப் பதிந்திருந்தார். அவருக்கே தன்மேல் கொஞ்சம் பெருமைதான்.

வேண்டுமென்றே பூஜ்யம் என்று தப்பான விடையைத் தட்டி, புது விளக்கத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினார்.

தெளிவான குரல். இரைச்சல் இல்லை.

பின்னத்தைத் தலைகீழாக்கும் இடம் வந்ததும் அவள் திரையை நோக்கிச் சாய்ந்தாள். குழந்தை கேட்கும் இடம் அது. குரல் நிற்காமல் தாண்டிப் போனது.

பழையது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

அடியோடு அழித்தாயிற்று, இனிமேல் அந்தத் தொல்லை இல்லை என்றார் மேடம்.

அவள் விசைப்பலகையை இழுத்துச் சரியான விடையைத் தட்டினாள். இரண்டு நொடிகூட ஆகவில்லை. சிவப்புப் புள்ளி பச்சையானது.

பார்த்தாயா என்று சிரித்தபடி மேடம் நிமிர்ந்தார். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"நடுவுல ஒரு குழந்தை கேக்கும்ல மேடம், அது நான்தான்."

திரையில் எட்டாவது கணக்கு வந்துவிட்டிருந்தது.