திருச்சி லைன்

"இந்தப் பொண்ணுக்குக் காதும் கேக்கல, வேலையும் தெரியல," என்றார் அரியமுத்து, கையில் ரிசீவரைப் பிடித்தபடியே.

அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அம்சவள்ளி பதறிப்போனாள். "மெதுவாங்க. அந்தப் பக்கம் கேட்டுடப் போவுது."

"எங்க கேக்கப் போவுது? நான் நல்லாப் பேசும்போதே லைன் சரியில்லைங்கறா."

செந்துறையில் உரக்கடை வைத்திருக்கும் அரியமுத்துவுக்கு இரண்டு வருஷமாக பார்க்கின்சன் வியாதி. கை நடுக்கத்தோடு குரலும் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் அவர் காதுக்கு மட்டும் அது பழைய குரலாகவே கேட்டது. ஊர்தான் செவிடாகிவிட்டது என்று நம்பினார். "சத்தம் பத்தலீங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். அன்று முழுக்க வாயைத் திறக்கமாட்டார்.

திருச்சி நரம்பு டாக்டர் பேச்சுப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு நாலு நாள் பஸ் ஏறிப் போய்வர உடம்பு கேட்காது. அதனால் அங்கே பயிற்சி கொடுக்கும் பிரவீணா, தினமும் காலை ஏழு மணிக்குப் போனில் கூப்பிட்டாள்.

"'ஆ'ன்னு இழுங்க ஐயா. மூச்சு இருக்கற வரைக்கும்."

"ஆ..."

"லைன் இரையுதுங்க ஐயா. இன்னும் சத்தமா."

"ஆஆ..."

"கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. மறுபடி ஒரு தடவ."

தினமும் இதே பாட்டு. இருந்தும் அவர் போனை விட்டு எழுந்திருக்கவில்லை. காரணம் இருந்தது.

தை மாதம் மகள் மஞ்சுவுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பரிசப் பணத்தோடு தட்டை நீட்டும்போது, "பணம் எங்க பணம், பொண்ணு உங்க பொண்ணு" என்று பெண்ணைப் பெற்றவன் சபை கேட்க மூன்று தடவை சொல்ல வேண்டும்.

"மாமா சும்மா தட்டைப் பிடிச்சுக்கட்டும் அக்கா. நான் சொல்லிடறேன்," என்று மைத்துனன் பாலசுந்தரம் நல்ல மனசோடுதான் சொன்னான்.

அன்று இரண்டு வேளை அரியமுத்து சாப்பிடவில்லை. தன் பெண்ணைக் கொடுக்க இன்னொருவன் வாயா?

அந்த வாக்கியத்தையே பயிற்சியாக வைத்தாள் பிரவீணா. ஒரு நாளைக்கு முப்பது தடவை. முப்பது தடவையும் லைன் இரைந்தது. "சோம்பேறி. நேர்ல வந்தா என்ன, பொண்ணா பொறந்தவளுக்கு ஒரு பொறுப்பு வேணாம்?" என்று ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டே முணுமுணுத்தார். லைன்தான் செத்துக் கிடக்கிறதே.

மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல் டெலிபோன் ஆபீசுக்கே போய்விட்டார்.

"திருச்சி லைன் மூணு வாரமாச் சரியில்ல. என்னய்யா பண்றீங்க?"

ஆபீசில் இருந்தவர் சோதித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு பெரியவரே."

"உங்களுக்கு நல்லா இருக்கும். பேசறவனுக்குத்தான் தெரியும்."

"சரிங்க, அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க? உள்ள அதிகாரி இருக்காரு."

அரியமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட வந்த அம்சவள்ளிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்துகிறார் என்று அவரை ஒருவர் குறை சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பரிசத்தன்று சிறுவாச்சூரிலிருந்து இரண்டு வேனில் மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கினார்கள். பந்தல் நிறைந்தது. தட்டு நீண்டது.

பாலசுந்தரம் எதற்கும் இருக்கட்டும் என்று மைக்கை நீட்டினான். அரியமுத்து அதை ஒதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். எதிரே சபை இல்லை, பாழாய்ப்போன திருச்சி லைன்தான் இருந்தது.

"பணம் எங்க பணம், பொண்ணு உங்க பொண்ணு."

முதல் தடவையிலேயே பந்தலில் சலசலப்பு அடங்கியது. இரண்டாவது தடவை, பந்தலுக்கு வெளியே சாம்பார் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை சொன்னபோது மஞ்சு மணையிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, மைக்குக்காரனைத் திருப்பி அனுப்பிடறேன்," என்றான் பாலசுந்தரம். சபை சிரித்தது.

பந்தி முடிந்ததும் அரியமுத்து முதல் வேலையாகத் திருச்சிக்குப் போன் போட்டார்.

"சொல்லிட்டேம்மா. மூணு தடவையும் நானே சொல்லிட்டேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாம்."

மறுமுனையில் பிரவீணா கைதட்டும் சத்தம் கேட்டது.

அரியமுத்து ரிசீவரைப் பிடித்தபடி அம்சவள்ளியின் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி உள்ளே போய்விட்டது.

"இந்தப் பொண்ணைப் போயி சோம்பேறி, செவிடுன்னெல்லாம் திட்டினேனே. எப்படி மன்னிப்பு கேப்பேன்?"

ஒரு கை தூரத்தில் நின்ற அம்சவள்ளிக்கே அது கேட்கவில்லை. "என்னங்க சொல்றீங்க?" என்று குனிந்தாள்.

ரிசீவரிலிருந்து பதில் வந்தது.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க ஐயா? நாளைக்கும் ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். லைன் சரியா இருக்காது, சத்தமாப் பேசுங்க."