பத்தாவது அட்டை

அது எந்த மாதம் என்று மருத்துவிச்சி சுலக்ஷனாவுக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. குழந்தையை உட்காரவைத்து நிறுக்கும் தராசுப் பை காலியாக இருந்தது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவில் மாதமொருமுறை எடை பார்ப்பார்கள். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் அதை நிறுத்திவிடச் சுகாதார அலுவலகம் முடிவெடுத்திருந்தது. நிறுத்தினால் கைக்குழந்தையோடு ஆறு மைல் இறங்க வேண்டும். அந்தத் தாய்மாரில் ஒருத்தியான வினோதாவின் மகன் மண்சரிவில் போனபின் மிஞ்சியது ஒன்பது.

அன்று சுகாதார அலுவலக அதிகாரி ராமநாதனும் வந்திருந்தார். ஒன்பது பேரையும் நிறுத்து முடிந்ததும் வினோதா தன் மகனின் எடை அட்டையை நீட்டினாள்.

"இவனையும் நிறுங்க மிஸ்."

"புள்ள எங்கம்மா?" என்றார் ராமநாதன்.

"பையை மாட்டுங்க சேர்."

சுலக்ஷனா வெறும் பையை மாட்டினாள். முள் நகர்ந்து நின்றது. சரிவுக்கு முன் நிறுத்ததைவிட இருநூறு கிராம் கூடுதல். ராமநாதன் பையை உதறி மறுபடி மாட்டினார். அதே எடை.

"பத்து கேட்டீங்க, பத்து வந்துருச்சு" என்றாள் வினோதா.

"தராசு பழுது. பேரை வெட்டுங்க மிஸ்" என்றார் ராமநாதன்.

"மத்த ஒம்போது பேருக்கும் சரியாத்தானே காட்டுச்சு சேர்?" சுலக்ஷனா அட்டையில் அந்த எடைக்கு நேரே புள்ளி வைத்தாள்.

ராமநாதன் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். சுலக்ஷனாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஒன்பது பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். எடை பார்க்க வேறு குழந்தைகள் வருகின்றன. வினோதா கொழுந்தெடுக்கிறாள். போன மாதம் பத்தாவது அட்டைக்காக வெறும் பையை மாட்டியபோது அதன் வார் அறுந்துவிட்டது. கொஞ்சம் பெரிய பையாகக் கேட்டு சுலக்ஷனா அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாள்.