டெஸ்க்டாப்பில் அம்பலவாணன்

புதுக் கம்ப்யூட்டரின் திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

காதுகுத்து, கல்யாணம், மாதா கோயில் திருவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று புகழேந்தி இத்தனை வருஷம் தன் பிளக்ஸ் கடையில் அடித்த பேனர்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

பழைய கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அவரேதான்.

எதிர் நாற்காலியில் கிளிஞ்சல்மேட்டு அம்பலவாணன் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவசரமில்ல தம்பி. போன வருசம் எங்க வூட்டுக்குன்னு ஒண்ணு பண்ணுனீங்கல்ல, அதை எடுங்க. சின்னதா ஒரு திருத்தம்."

பேத்தியின் காதுகுத்து பேனர். அடுத்த பேத்திக்கும் அதே டிசைன் வேண்டும்போல. அதுவும் காணாமல் போனதில்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் விற்ற காஜா நஜ்முதீன் போனில் வழி சொன்னார். பைல் எதுவும் அழியவில்லை, எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது. டெஸ்க்டாப்தான் பழைய கம்ப்யூட்டரில் இருந்த போல்டரின் முகவரியை இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆள் காலி செய்த வீட்டு வாசலில் நிற்கும் தபால்காரரைப் போல. ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷனுக்குப் போய், புது முகவரியைக் காட்டினால் போதும். எல்லாம் வந்துவிடும்.

எல்லாம் வந்துவிடும் என்றதும் புகழேந்தி ஓரக்கண்ணால் அம்பலவாணனைப் பார்த்தார்.

எல்லாம் என்றால், அதுவும்.

போன பங்குனியில் அம்பலவாணன் நெஞ்சுவலியோடு புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று அவருடைய பெரிய மகன் கடைக்கு ஓடிவந்தான். கடைசி நேரத்தில் அலைய முடியாது, கண்ணீர் அஞ்சலி பேனரை இப்போதே தயார் செய்து வையுங்கள் என்றான். நல்ல போட்டோவாகக் கொடுத்தான். கீழே வரிசையாகக் குடும்பத்தார் தலைகள். தேதிக்கு மட்டும் இடம் காலி.

ஆள் பிழைத்து வந்துவிட்டார்.

பேனரை அழிக்கத்தான் புகழேந்திக்கு மனசு வரவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து செய்த டிசைன். எப்படியும் ஒருநாள் தேவைப்படும்.

கிளிஞ்சல்மேட்டில் யார் வீட்டு விசேஷமானாலும் அம்பலவாணன் கைகாட்டும் கடையில்தான் பேனர் அடிப்பார்கள். தன் சாவைத் தானே படித்துவிட்டு மனுஷன் இந்தப் படி ஏறுவாரா? ஊரையே கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். புகழேந்தியின் பிழைப்பில் பாதி அந்த ஊர்தான்.

மானிட்டரை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்பலவாணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

வேறு வழியில்லை. புகழேந்தி முகவரியை மாற்றி ஓகேயை அழுத்தினார்.

பைல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. வரிச்சிக்குடி கல்யாணம் வந்தது. நெரவி மஞ்சள் நீராட்டு வந்தது. போனது திரும்பி வந்தால் ஆனந்தப்பட வேண்டும். புகழேந்தி ஒவ்வொன்றுக்கும் அதுவாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டார்.

காதுகுத்து பேனர் தலைகாட்டியதும் பாய்ந்து கிளிக் செய்தார். அவசரத்தில் பக்கத்தில் இருந்தது திறந்துகொண்டது.

திரை நிறைய அம்பலவாணன் சிரித்தார். தலைக்கு மேல் கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

நிஜ அம்பலவாணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

புகழேந்தி எழுந்து நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"இதேதான் தம்பி" என்றார் அம்பலவாணன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய சின்ன மகனும் அவன் கட்டிக்கொண்ட டெய்சியும் மாதா கோயிலில் மாலையோடு நின்ற படம். அந்தக் கல்யாணத்துக்கு வீட்டிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. பெரியவன் போக விடவில்லை.

புகழேந்தி திரையைப் பார்த்தார். தலை வரிசையில் பெரியவன் இருந்தான், பெரியவனின் மாமனார்கூட இருந்தார். சின்னவன் இல்லை.

"பெரியவன் போன்ல இதை அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே பாத்துட்டேன். இதுங்க ரெண்டு பேரையும் மொத ஆளா போடுங்க, அவன்கிட்ட இப்ப மூச்சு விடாதீங்க. பேனர் வாங்க வர்றப்ப ஏன்னு கேட்டான்னா, அப்பாவையே கேட்டுக்கன்னு சொல்லிடுங்க."