போணி

“ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள ஆப்பை விட்டுடுங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க.”

காலண்டரில் விரலை வைத்து மனைவி சொன்னதும் முதலாளி நிமிர்ந்து பார்த்தான். கம்பெனி என்றால் அவனும் அவள் தம்பியும்தான். அலுவலகம் என்றால் வீட்டு ஹால்தான். இத்தனை வருடங்களில் அவள் தொழில் விஷயத்தில் வாய் திறந்தது இதுவே முதல் தடவை.

சரக்கு என்னவோ நல்ல சரக்கு. புரோக்கர் இல்லாமல் வாடகை வீடு பிடித்துத் தரும் ஆப், பெயர் ‘நேர்வாசல்’. அதைச் சந்தையில் இறக்கத்தான் நேரம் அமையவில்லை. முதல் தடவை விளம்பரம் முந்திக்கொண்டது. ஆட்கள் தேடி வந்தபோது ஆப் தயாராக இல்லை. ஆப் தயாரானபோது தேடி வந்தவர்கள் மறந்துபோயிருந்தார்கள். அப்புறம் தேர்தல் கூச்சலில் நம் குரல் எடுபடாது என்று தள்ளினான். அதற்கப்புறம், மழையில் யார் வீடு மாறுவார்கள் என்று தள்ளினான்.

“லீவுல எதுக்குக்கா? ஊர்ல பாதிப் பேர் இருக்க மாட்டாங்களே?” என்றான் மார்க்கெட்டிங் பார்க்கும் மைத்துனன்.

“பிள்ளைய வச்சிருக்கறவங்க நடு வருஷத்துல மூட்டை கட்டுவாங்களாடா? புது வீடு, புது ஸ்கூல், எல்லாத்தையும் ஒரே அலைச்சலா முடிக்கத்தான் பாப்பாங்க.”

“அத்தான், என்னைத் தூக்கிட்டு அக்காவை மார்க்கெட்டிங்ல போடுங்க. சம்பளமும் கேக்காது.”

“உனக்கு மட்டும் அள்ளிக் கொடுத்துட்டேனாக்கும்!”

அவள் சிரிக்கவில்லை. “வீடு தேடறவங்க பேரும் நம்பரும் வெளிய தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரிஞ்சா என்ன?”

“பொம்பளைங்களும் தேடுவாங்க. ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் தேட முடியுமா?”

முதலாளி தொடையைத் தட்டினான். அன்றைக்கே பேரையும் நம்பரையும் மறைத்தார்கள். இனி எந்தப் பேச்சும் ஆப் வழியாகத்தான். விளம்பரத்தின் முதல் வரியாகவும் அதையே போட்டார்கள்.

அவனுக்கு மனசு குளிர்ந்துபோனது. முன்னெல்லாம் அவள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். பல் வலிக்கு டாக்டரிடம் போகணும், பாப்பா உட்கார்ந்து படிக்க ஒரு மூலை வேணும், ஒரு நாளாவது எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும். எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்தது ஒரே பதில்: “ஆப் வரட்டும்.” கொஞ்ச நாளாக அவள் எதையும் கேட்பதில்லை. நம் கஷ்டம் புரிந்துவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அவள் சொன்ன கெடுவிலேயே ஆப் சந்தைக்கு வந்தது.

நல்ல நேரம் ஒருவனுக்கு மட்டுமா தெரியும்? அதே காலையில் ஒரு பெரிய கம்பெனியும் அதே மாதிரி ஆப்பை இறக்கியது. பேப்பரின் முதல் பக்கம் முழுக்க ஒரு நடிகை சாவியை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். நேர்வாசல் விளம்பரம் உள்பக்கத்தில், பழைய ஃப்ரிட்ஜ் விற்பனைக்கும் மூல வியாதி மருந்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

மத்தியானம் வரை திரையில் ஈ ஓட்டினார்கள். எட்டிப் பார்த்தவர்களும் படியேறாமலே போய்விட்டார்கள்.

“அத்தான், கடை திறந்ததே யாருக்கும் தெரியல போல.”

“தெரிஞ்சுதான்டா வரலை.” முதலாளி நாற்காலியில் சரிந்தான். “இன்னிக்கு ஒருத்தராவது வரலைன்னா மூடிட வேண்டியதுதான். நாளைக்குப் பழைய ஆபீஸ் மானேஜர் காலைப் பிடிச்சு வேலை கேக்கறேன். இனிமே யாரை நம்ப வைக்கறது?”

மைத்துனன் இன்னொரு தடவை ஆப்பைத் திறந்து பார்த்தான். 

சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது.

‘வீடு தேவை. பெரியவர் ஒருவர், பெண் குழந்தை ஒன்று. ஒரு அறை போதும். பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். உடனே குடிவரத் தயார்.’

“போணி அத்தான், போணி!” மைத்துனன் குதித்த குதியில் மேஜை ஆடியது. “உடனே போன் போடுங்க. முதல் கஸ்டமர் பேசறதை ரெக்கார்ட் பண்ணி நாளைக்கே விளம்பரமா விட்டுடலாம்!”

 முதலாளி ஆப்பிலிருந்தே அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

அடுப்படியில் மணி அடித்தது.

“ஹலோ, வீட்டுக்காரங்களா?” என்ற குரல் அங்கிருந்தும் கேட்டது, ஸ்பீக்கரிலிருந்தும் கேட்டது.

மைத்துனனின் முகம் தொங்கிப்போனது. “அட போங்க அத்தான், நம்ம அக்கா. நாம இடிஞ்சு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, சும்மா ஒண்ணு தட்டி விட்டிருக்கு.”

ஆனால் முதலாளியின் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து உலகமே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில் இப்படி ஒருத்தி. வேகமாக அடுப்படி வாசலுக்குப் போனான். அவள் ஈரக்கையோடு போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள்.

“அடி பைத்தியமே! என் மனசு உடையக் கூடாதுன்னு பொய்யா ஒரு கஸ்டமரா?”

அவள் போனைக் கீழே வைத்தாள். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“பொய் இல்லைங்க. எனக்கும் பாப்பாவுக்கும்தான்.”